ஐந்தாவது பாட்டு

நடப்பவர்களுக்குப் பாட்டுத் தெரிவு செய்து கொடுப்பது வேலை வெட்டி இல்லாதவர்கள் செய்கிற காரியம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஒரு கிழமைக்குச் செய்து பார்த்தால் தெரியும்.

நான் சொல்வதை உங்கள் சார்ஜன்ட் சிங்களத்தில் எழுதி, கீழே கையெழுத்து வைக்கச் சொன்னார். எனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. வாசிக்கத் தெரியாத ஒன்றில் கையெழுத்து வைக்க மாட்டேன், ஒரு கொப்பி தாருங்கள், தமிழில் நானே எழுதித் தருகிறேன் என்றேன். தந்தீர்கள். கதிரையும் தந்தீர்கள். அதற்கு நன்றி, ஐயா. ஆறுதலாக எழுதுகிறேன்.

என் பெயர் நுஸ்ரா. வயது நாற்பத்தொன்று. கண்டக்குழியில் என் மூத்த சகோதரர் ஜௌபர் நானாவின் வீட்டில் இருக்கிறேன். நானா கிராம உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் பழைய பழக்கத்தில் விதானை என்றே கூப்பிடுவார்கள். பன்னிரண்டு நாட்களுக்கு முன் உப்பளத்து வரம்பு உடைந்த இடத்தில் விழுந்து மௌத்தானார். மரண விசாரணை அதிகாரி அதை விபத்து என்று எழுதினார். சரி. ஆனால் ‘நடைப் பாட்டின் நேரத்தைச் சகோதரி தவறாகக் கணித்ததால்’ என்று ஒரு வரியும் சேர்த்து எழுதினார். அந்த வரிக்காகத்தான் இன்று வந்திருக்கிறேன். யாரும் என்னைப் பிடித்துக்கொண்டு வரவில்லை. நானாகத்தான் பஸ் ஏறி வந்தேன்.

முதலில் பாட்டு விஷயத்தைச் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் மற்றது விளங்காது.

நாலு வருஷத்துக்கு முன், கிளினிக்கில் சீனியும் பிரஷரும் கூடிப்போனதென்று சொன்ன பிறகு, எங்கள் தெருப் பெண்கள் எட்டுப் பேர் அஸர் தொழுகைக்குப் பிறகு பாடசாலை மைதானத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கினோம். பாட்டுப் போடும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். சித்தி லெய்லாவுக்கு இசைக்கருவி கேட்கக் கூடாது, கஸீதா மட்டும்தான் வேண்டும். இன்னொருத்திக்குக் குத்துப்பாட்டு இல்லாமல் கால் எழும்பாது, போட்டால் இரண்டாவது சுற்றில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவாள். பழைய பாட்டுப் போட்டால் தூக்கம் வருகிறதாம். புதுப்பாட்டுப் போட்டால் சொல் விளங்கவில்லையாம். இரண்டு மணித்தியாலம் இருந்து சேர்த்த லிஸ்டை, பாட்டுத் தொடங்கி அரை நிமிடத்தில் ‘அடுத்ததைப் போடு’ என்பார்கள். நான் அடுத்ததைப் போடுவேன். வீட்டுக்கு வந்து அந்த லிஸ்டை ஒரு பாட்டும் விடாமல் கடைசி வரை தனியாகக் கேட்பேன்.

அவர்கள் எல்லோரும் பாட்டின் சொல்லையும் மெட்டையும் பார்த்தார்கள். நடக்கிறவருக்கு அது இரண்டாம் பட்சம். கால் கேட்பது தாளத்தின் தட்டைத்தான். ஒரு நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்று கைக்கடிகாரத்தை வைத்து நான் ஒவ்வொரு பாட்டையும் எண்ணினேன். கட்டையான ஆளுக்கு நூற்றுப் பத்து. நெடிய ஆளுக்கு நூறு. ஓடுகிறவருக்கு நூற்றைம்பதுக்கு மேல், அதுவும் எடுத்த எடுப்பில் அல்ல, மூன்றாவது பாட்டில்தான். கடைசி இரண்டு பாட்டும் மூச்சை இறக்க வேண்டும். சரியான பாட்டைப் போட்டால் ஆள் தன்னை அறியாமல் அந்தத் தட்டுக்கு அடி வைப்பார். நான் போடுகிற அளவுக்கு அவர் நடப்பார். இதை யாரிடம் சொல்லியும் விளங்கவில்லை.

ஒருவருக்கு விளங்கியது. எங்களோடு நடந்த ஸுஹைரா டீச்சரின் தம்பி மிஹ்லார். மதுரங்குளியில் தண்ணி மோட்டார் திருத்தும் கடை வைத்திருக்கிறார். தொண்ணூறில் மன்னாரிலிருந்து வந்தபோது அவருக்குப் பத்து வயது. மனைவி கொரோனாக் காலத்தில் மௌத்து. காலையில் ஓடுகிறவர். டீச்சர் கேட்டதால் அவருக்கு ஒரு லிஸ்ட் செய்து அனுப்பினேன். மூன்றாம் நாள் டீச்சரின் போனுக்கு எனக்கென்று ஒரு குரல் செய்தி வந்தது.

“ஒரு பாட்டையும் தாண்ட வேண்டி வரல்ல. என்ட கால் கேக்கிறதுக்கு முன்னாலயே நீங்க குடுத்திருக்கீங்க.”

இவ்வளவுதான் செய்தி. அதை எத்தனை தரம் போட்டுக் கேட்டேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. முப்பத்தெட்டு வயது வரை நான் செய்த எதையும் யாரும் அளவு என்று சொன்னதில்லை. கறியில் உப்பைக் கூட.

அந்த வருஷமே மிஹ்லார் வீட்டில் இருந்து என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஐயா. பெண்ணுக்கு வொலி வேண்டும். வாப்பா இல்லாவிட்டால் நானா. அவர் சம்மதித்து நிக்காஹ் செய்து கொடுக்க வேண்டும். நானா அவர்களை இருத்தி, வட்டிலப்பம் கொடுத்து, நன்றாகக் கதைத்தார். போகும்போது “பாப்பம்” என்றார்.

நானா எதற்கும் இல்லை என்று சொன்னதில்லை. முப்பது வருஷம் கந்தோரில் இருந்தபோதும் அப்படித்தான். கடிதம் கேட்டு வந்தவர்களிடம் நாளைக்கு வாருங்கள் என்பார், பாப்பம் என்பார். எனக்கும் அதுதான். நோன்பு போகட்டும் என்றார். மழை முடியட்டும் என்றார். கண் ஒப்பரேசன் முடியட்டும் என்றார். மாப்பிள்ளையில் குறை உண்டா என்று கேட்டால் நல்ல மனிதன்தான் என்பார். இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் காதிக்கோட்டுக்குப் போயிருப்பேன். பாப்பம் என்பதற்கு எந்தக் கோட்டில் வழக்குப் போடுவது? மூன்று வருஷம் இப்படிப் போனது. எனக்கு எரிச்சலாக இருந்தது. அதை மறைக்கவில்லை.

இதற்கிடையில் சீனி வருத்தத்தால் நானாவின் கண் மங்கிப்போனது. வெளிச்சமும் நிழலும் தெரியும், அவ்வளவுதான். தினமும் நாற்பது நிமிடம் நடக்காவிட்டால் காலும் போகும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். வெள்ளைக்கம்பு பிடிக்க மாட்டேன் என்றார். நான் கையைப் பிடித்து நடத்துகிறேன் என்றால் அதற்கும் கோபம். விதானையைத் தங்கச்சி இழுத்துக்கொண்டு போவதை ஊர் பார்க்கக் கூடாதாம்.

அப்போதுதான் உப்பளத்து வரம்பை யோசித்தேன். எங்கள் பின்வேலியிலிருந்து கடற்களப்புப் பக்கமாக நேராகப் போகிறது. டிரக்டர் போகிற அகலம். வளைவே இல்லை. நான் அந்த வரம்பில் அவரோடு பத்து நாள் நடந்து அவருடைய அடியை எண்ணினேன். நிமிடத்துக்கு நூறு. அந்தத் தட்டுக்கே பாட்டுகளைத் தேடி எடுத்தேன். பாட்டு நீளமாக இருந்தால் போனிலேயே வெட்டினேன். அது எனக்கு நன்றாக வரும். காதில் மாட்டிக்கொண்டு அவர் தனியாகப் போவார். பாட்டுத்தான் அவருக்கு வழி. முதலாவது முடிந்தால் பம்பு ரூம். மூன்றாவது முடிந்தால் உப்பு வாடி. கடைசிப் பாட்டு முடிந்ததும் என் குரலைப் பதிந்து வைத்தேன். “நானா, திரும்புங்க.” அதற்குப் பிறகு திரும்புவதற்குப் பத்து விநாடி. பிறகு வீட்டுக்கு வருவதற்கான பாட்டுகள். ஒரு நாளும் அவர் ஒரு முழத்துக்கு மேல் தவறியதில்லை.

போன மாரியில் வெள்ளம் வந்து ஆறாவது பாட்டின் தொடக்கத்தில் கடக்கிற மதகை உடைத்துக்கொண்டு போனது. வரம்பு பன்னிரண்டு அடி அகலத்துக்கு அறுந்துபோனது. கீழே சேறும், இடிந்த கொங்கிரீட்டும், நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியும். நான் அடுத்த நாளே போவதற்கான ஆறு பாட்டை ஐந்தாகக் குறைத்தேன். என் குரல் வருகிற இடத்திலிருந்து உடைப்புக்கு நானாவின் அடியில் அறுபத்து நாலு. உப்பள ஆட்கள் உடைப்புக்கு முன்னால் இடுப்பு உயரத்தில் ஒரு நைலோன் கயிறும் கட்டினார்கள். அந்தப் பக்கத்துப் பாத்திகளில் வேலையை நிறுத்திவிட்டதால் பிறகு யாரும் அங்கே வரவில்லை.

இவ்வளவும் செய்து கொடுத்ததற்கு நானா ஒரு நாளும் நல்லது என்று சொல்லவில்லை. குறை மட்டும் சொன்னார். முக்கியமாக ஐந்தாவது பாட்டு. அது அவருக்குப் பிடிக்கவில்லை. அதை எடுத்துவிட்டு, அவர் இளந்தாரியாக இருந்தபோது வானொலியில் கேட்ட ஒரு பாட்டைப் போடச் சொன்னார். தட்டு சரியாக நூறு. ஆனால் நீளம் ஐந்து நிமிடம் ஐந்து விநாடி. பழையது நாலு நிமிடம் பத்து விநாடி. ஐம்பத்தைந்து விநாடி கூட, தொண்ணூற்றிரண்டு அடி, உடைப்பு அறுபத்து நாலில் இருக்கிறது என்று அவரிடம் கணக்குச் சொல்லி விளக்கினேன். வெட்டிப் போடவா என்றும் கேட்டேன். அரைகுறையாக வெட்டின பாட்டு தனக்கு வேண்டாம் என்றார். அதற்குப் பிறகும் மாதக்கணக்காகக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

நானா மௌத்தாவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, ஸுஹைரா டீச்சர் வந்து, தம்பிக்குப் பெரியவர்கள் வேறு இடம் பேசுகிறார்கள், மாதக் கடைசிக்குள் ஒரு பதில் வேண்டும், இதற்கு மேல் அவனால் அவர்களை நிறுத்திவைக்க முடியாது என்றார். நானா ஜும்மா முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் இருந்து மீனில் முள் எடுத்துக் கொடுத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். இந்த மாதத்தோடு முடிந்துவிடும் என்றும் சொன்னேன். நான் அவரிடம் கெஞ்சியது அந்த ஒரு தரம்தான்.

அவர் மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார்.

“பாப்பம் புள்ள. அது கெடக்கட்டும். அந்த அஞ்சாவது பாட்ட எப்ப மாத்துவாய்?”

என் கையில் ஒரு முள் இருந்தது. அதைத் தட்டின் ஓரத்தில் வைத்தேன்.

“மாத்தித் தாறன் நானா.”

நான் அவசரப்படவில்லை என்பதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். கோபத்தில் செய்கிற பெண் இல்லை நான். திங்கட்கிழமை தனியாக வரம்புக்குப் போய் மறுபடியும் அளந்தேன். வெள்ளத்துக்குப் பிறகு உடைப்பு இன்னும் இடிந்திருக்கலாம் அல்லவா. இடியவில்லை. அறுபத்து நாலேதான். செவ்வாய்க்கிழமை புதுப்பாட்டை லிஸ்டில் போட்டேன், ஒரு விநாடியும் வெட்டாமல். என் குரலை அதன் முடிவில் வைத்தேன். அன்று வீட்டில் உடுப்புக் காயப்போடும் கொடி அறுந்திருந்தது. வேறு கயிறு இல்லை. உப்பளத்து நைலோன் கயிற்றை அவிழ்த்து வந்து கட்டினேன். ஜனாஸாவுக்கு மறுநாள் நீங்கள் எங்கள் முற்றத்தில் இருந்து தேத்தண்ணி குடித்தீர்களே, தலைக்கு மேல் வெள்ளைச் சாரம் காய்ந்துகொண்டிருந்தது. அந்தக் கயிறுதான்.

புதன்கிழமை காலையில் ஸுபஹு தொழுகைக்குப் பிறகு நானா சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பின்வேலிக்கு வந்தார். போனை அவருடைய இடுப்புப் பட்டியில் வைத்துக் கொடுத்தேன். அஞ்சாவது பாட்டை மாற்றிவிட்டேன் என்றேன். அவருடைய முகம் மலர்ந்தது. அதை நான் மறுக்கவில்லை.

“அளவு சரியா புள்ள?”

“ஓம் நானா. சரி.”

அதில் பொய் இல்லை. அளவு சரியாகத்தான் இருந்தது.

அந்த நேரத்தில் சூரியன் களப்புக்கு மேலே நேர் எதிரே நிற்கும். தண்ணீரும் வரம்பும் எல்லாம் ஒரே வெளிச்சம். கண் தெரிகிறவர்களுக்கே கூசும். அவர் வேலியைத் தாண்டும்போது நான் குசினிக்குள் வந்து அதே லிஸ்டை என் போனில் போட்டேன், அவரோடு ஒரே நேரத்தில். பிட்டுக்கு மா குழைத்தேன். பம்பு ரூம். உப்பு வாடி. நாலாவது பாட்டில் தேங்காய் துருவி முடித்தேன். ஐந்தாவது நல்ல பாட்டு. நடுவில் புல்லாங்குழல் வருகிறது. அவர் ஏன் அதை அவ்வளவு கேட்டார் என்று அன்றுதான் விளங்கியது. பழைய பாட்டு முடிகிற நேரத்திலிருந்து முப்பத்தெட்டு விநாடி, அறுபத்து நாலு அடி, எண்ணினேன். பாட்டு முடிய இன்னும் பதினேழு விநாடி இருந்தது. பிறகு என் குரல் வந்தது. என் குரல் எனக்கே பிடிப்பதில்லை.

உடனே ஏன் ஓடவில்லை என்று கேட்பீர்கள். திரும்பி வருகிற பாட்டுகள் இருந்தன. அவை முடியுமுன் நான் வரம்புக்குப் போனால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ஐந்தும் முடியட்டும் என்று இருந்தேன். இருபது நிமிடம். பிட்டு அவிந்தது. பிறகுதான் போனேன். கம்பியில் தலை அடிபட்டிருந்தது, முகம் தண்ணீருக்கு மேலே இருந்தது. விழுந்து கால் மணித்தியாலம் வரை உயிர் இருந்திருக்கும் என்று டொக்டர் சொன்னார். அது அவருடைய கணிப்பு. அதைப் பற்றி எனக்குத் தெரியாது.

மரண விசாரணையில் பாட்டை மாற்றியதை நானே சொன்னேன். எல்லோரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். கண் தெரியாதவனுக்குப் பாட்டை வைத்து வழி காட்டினாளாம், பாவம், கணக்குப் பிழைத்துவிட்டது என்று மைதானத்துப் பெண்கள் கதைத்தார்கள். தட்டு என்றால் என்ன, விநாடி என்றால் என்ன என்று தெரியாதவர்கள் என் கணக்கைப் பற்றிக் கதைத்தார்கள். நான் பொறுத்துக்கொண்டேன். இப்போது என் வொலி வண்ணாத்திவில்லில் இருக்கிற சாச்சா, வாப்பாவின் தம்பி. ஏழாம் நாள் கத்தத்துக்கு வந்தவரிடம் டீச்சர் மெதுவாக மிஹ்லாரைப் பற்றிச் சொல்லிப் பார்த்தார். நாற்பதாம் நாள் கத்தம் போகட்டும், பாப்பம் என்றார் சாச்சா. எனக்குச் சிரிப்பு வந்தது. அதையும் பொறுத்துக்கொண்டேன்.

மிஹ்லாரும் அன்று வந்திருந்தார். விறாந்தையில் கதிரை நுனியில் இருந்தார். நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன். மூன்று வருஷத்தில் நாங்கள் நேரே கதைத்தது அன்றுதான்.

“மனச விட்டுடாதீங்க. கணக்குப் பிழைக்கிறது எல்லாருக்கும் வாறதுதான்.”

பிழைக்கவில்லை என்று சொல்ல வாய் வந்தது. அடக்கினேன். அவர் மறுபடியும் சொன்னார்.

“நீங்க தந்த அந்த லிஸ்ட்ட அழிச்சிட்டன். ஒண்டும் நெனைக்காதீங்க. ஓடுற நேரம் மனசு ஒரு மாதிரியா இரிக்கி.”

அதற்குப் பிறகு ஐந்து நாள் எனக்குத் தூக்கம் இல்லை. நானாவை நினைத்து அல்ல. அந்த லிஸ்டில் பத்தொன்பது பாட்டு இருந்தது. ஒன்றும் தாண்ட வேண்டி வரவில்லை என்று சொன்ன மனிதன் அவர் ஒருவர்தான். அவரே என் அளவில் சந்தேகப்பட்டால் பிறகு எனக்கு என்ன இருக்கிறது?

ஆகவே, ஐயா, நான் கேட்பது இவ்வளவுதான். ‘தவறாகக் கணித்ததால்’ என்பதை அடித்துவிடுங்கள். அதற்குப் பதிலாக என்ன எழுத வேண்டுமோ எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன். நானாவைக் கொன்றது நான்தான். ஒரு அடி கூடப் பிழைக்காமல் அளந்துதான் செய்தேன். இதை மிஹ்லாருக்கும் அறிவித்துவிடுங்கள். மற்றதை அவர் எப்படி எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை, அளவு சரி என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

ஒன்றை மட்டும் நீங்களும் நியாயமாகப் பார்க்க வேண்டும். அந்தப் போன் உங்களிடம்தான் இருக்கிறது. காய வைத்து, போட்டுப் பாருங்கள். என் குரலை நான் அழிக்கவில்லை. அவரைத் திரும்பச் சொல்லாமல் விடவில்லை. அவர் என்னை மூன்று வருஷம் காக்க வைத்தார். நான் அவரைக் காக்க வைத்தது ஐம்பத்தைந்து விநாடி மட்டும்தான்.